ரெஸ்லிங் குழு, வேடம், வருகை இசை: கொழும்பு மேடைக்கு முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு ரெஸ்லிங் நிகழ்ச்சி (கதையும் வேடமும் வைத்து நடத்தும் சண்டைக் காட்சி) நடத்த நினைத்தால், முதல் நாளே வட்ஸ்அப் குரூப்பில் பாட்டுகள் வந்து குவியும். "மச்சான், இதுக்கு நான் நடந்து வந்தா எப்படி இருக்கும்?" என்று ஆளுக்கு ஒரு பாட்டு. யார் நல்லவன், யார் வில்லன், இவர்கள் ஏன் ஒன்றாக நிற்கிறார்கள் என்று அதுவரை யாரும் கதைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை நிகழ்ச்சியன்று எடுபடாமல் போவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டிய வரிசை இது: முதலில் குழு, பிறகு ஒவ்வொருவரின் வேடம், அப்புறம் நிறமும் சைகையும், கடைசியில் இசை. கதவு திறப்பதற்கு முன்பே, வரப்போவது யார் என்று சனத்துக்குச் சொல்வதுதான் வருகை இசையின் வேலை. அது யார் என்று நீங்களே முடிவெடுக்காதபோது எந்தப் பாட்டாலும் அதைச் சொல்ல முடியாது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். விழுவது, தூக்கிப் போடுவது பற்றி இதில் எதுவும் இல்லை. அவற்றை ஜூடோவோ மல்யுத்தமோ முறையாகப் பயின்ற ஒருவரிடம், மெத்தையில், நேரில் பழக வேண்டும். வீடியோவைப் பார்த்து வீட்டு முற்றத்தில் செய்து பார்க்கக்கூடாது. தலையிலும் கழுத்திலும் படக்கூடிய எதையும் நிகழ்ச்சியில் சேர்க்காதீர்கள். கீழே உள்ள வேலைகளை அந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களிலேயே பக்கத்தில் செய்து வரலாம்.

1. மண்டபமும் அனுமதியும் முதலில்

மண்டபம் எதுவென்று தெரியாமல் இசையை வெட்ட முடியாது. கதவிலிருந்து மெத்தை வரை உள்ள தூரம்தான் உங்கள் வருகையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது அளவு நாடாவைக் கொண்டு போங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, அந்த வழியில் விசிறியோ தூணோ குறுக்கிடுகிறதா, மின்விளக்கு சுவிட்ச் எங்கே, பிளக் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்க மண்டபங்களில் கல்யாணங்களுக்குத்தான் முதலிடம். ஆடி மாதத்தில் கல்யாணம் குறைவு என்பதால் அப்போது இடம் கிடைப்பது சுலபம். ஆனால் ஆடிவேல் ரதம் வரும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், காலி வீதிப் பக்கம் சனம் வந்து சேரவே முடியாது. வெசாக் வாரமும் வேண்டாம்.

ஒலிபெருக்கிக்கு அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். எத்தனை மணி வரை அனுமதி என்று அங்கேயே கேட்டு, அதை வைத்து நேர அட்டவணையைப் போடுங்கள். நிகழ்ச்சி இழுபட்டால் கடைசியில் வரும் முக்கியக் குழுதான் இசை இல்லாமல் நடந்து வரும். டிக்கெட் விற்பதாக இருந்தால், அச்சடிப்பதற்கு முன்பே மாநகர சபையில் களியாட்ட வரி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இசைக்குப் பொறுப்பான ஆளையும் இப்போதே பிடித்துவிடுங்கள். அவர் சண்டையில் இறங்காதவராக இருக்க வேண்டும். தன் ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவந்து அடுத்தவரின் இசையைப் போடுகிறவர் கட்டாயம் பிந்துவார்.

2. குழு ஏன் ஒன்றாக நிற்கிறது?

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். "நாங்கள் எல்லாரும் நண்பர்கள்" என்பது போதாது. பார்க்க வந்தவருக்கு உங்கள் நட்பைப் பற்றித் தெரியாது.

அமெரிக்கத் தொலைக்காட்சி ரெஸ்லிங்கில் நிலைத்து நின்ற குழுக்களைப் பாருங்கள். 1996 ஜூலையில் ஸ்கொட் ஹோல், கெவின் நாஷ் இருவருடன் ஹல்க் ஹோகன் சேர்ந்து உருவான நியூ வேர்ல்ட் ஓர்டருக்கு, வெளியிலிருந்து வந்து நிறுவனத்தையே கைப்பற்றுவதுதான் நோக்கம். 2003இல் வந்த எவலூஷனில் ரிக் பிளேயர் கடந்த காலம், ட்ரிபிள் எச் நிகழ்காலம், ராண்டி ஓர்டனும் பட்டிஸ்டாவும் எதிர்காலம். இரண்டையும் ஒரு மூச்சில் சொல்லி முடிக்கலாம். அதனால்தான் அவர்களுக்கு உடையும் இசையும் தெரிவு செய்வது சுலபமாக இருந்தது.

கொழும்பில் இதை எப்படிச் செய்யலாம் என்று காட்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதையே வைத்துக் கதைக்கிறேன். நல்லவர்கள் பக்கம் முகத்துவாரத்து மூவர். கடற்கரை மணலில் பயிற்சி எடுத்தவர்கள், "உங்களுக்கெல்லாம் மண்டபமா?" என்று கேட்டவர்கள் முன்னால் வெல்ல வந்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கம், பணக்காரர் வாழும் பகுதியின் பெயரில், கொழும்பு ஏழு என்ற குழு. பணக்காரத் திமிர், ஆங்கிலம் கலந்த அலட்டல், மற்றவர்களைத் தொட்டால் கையைத் துடைப்பார்கள். இந்த நகரத்தில் எந்த மொழி பேசுபவரும் இந்தத் திமிரை எங்கேயாவது சந்தித்திருப்பார். வில்லனை அறிமுகப்படுத்தத் தனியாகப் பேச்சே தேவைப்படாது.

இங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். இனம், மதம், சாதி, போர் இவற்றை வைத்து வில்லனை உருவாக்கவே கூடாது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாட்டையும் இனத்தையும் காட்டிப் பல வில்லன்கள் வந்தார்கள், அது அந்தத் துறையின் மோசமான பழக்கங்களில் ஒன்று. நம்முடைய மண்டபத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருப்பார்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளைப் பார்த்து "ஹூ" போட வேண்டும். திமிர், பொய், கோழைத்தனம், பேராசை இருந்தால் வில்லனுக்கு அதுவே தாராளம்.

3. எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை?

முதல் நிகழ்ச்சிக்கு மூன்று பேர் போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் யாரையும் மனம் நோகச் செய்யக்கூடாது என்று ஆறேழு பேரை ஒரே குழுவில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சனத்துக்கு ஒரு முகமும் மனதில் நிற்காது. நியூ வேர்ல்ட் ஓர்டரே ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போய் 1998இல் இரண்டாகப் பிளந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றான பிறகு அதில் சேருவதற்கு மதிப்பு இருக்கவில்லை.

மூன்று பேருக்கும் மூன்று வேலை. ஒருவர் கதைப்பவர், ஒருவர் பலசாலி, ஒருவர் அதிகமாகச் சண்டை பிடிப்பவர். 1980களின் போர் ஹோர்ஸ்மென் (நான்கு குதிரைவீரர்) குழுவில் வாய் ரிக் பிளேயருடையது. ஆர்ன் அண்டர்சன், ஓல் அண்டர்சன், டல்லி பிளன்சர்ட் எதிரிகளை அடித்துச் சோர்வாக்குவார்கள். ஜே. ஜே. டில்லன் மேனேஜராக நின்று விஷயத்தை நடத்துவார். நல்லாகக் கதைப்பார், ஆனால் உடம்பு இடம் கொடுக்காது என்று ஒருவர் உங்களிடம் இருந்தால் அவரை மேனேஜராக்குங்கள். அந்த ஆள் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம்.

பெண்கள் குழுவில் இருந்தால் அவர்களுக்கும் வேலை இருக்க வேண்டும். 1997இல் டி-ஜெனரேஷன் எக்ஸ் குழுவில் சைனா என்ற வீராங்கனை மெய்க்காப்பாளராக நின்றார். அவர் நின்ற இடத்தில் எதிராளிகள் உண்மையிலேயே பயந்தார்கள். சும்மா அழகுக்கு ஒருவரைக் கூட்டி வந்து நிறுத்துவது அவருக்கும் அவமானம், காட்சிக்கும் பிரயோசனம் இல்லை.

இன்னொரு வசதி. அமெரிக்காவின் பேபியுலஸ் ஃப்ரீபேர்ட்ஸ் மூவர் குழு, டேக் டீம் (இருவர் சேர்ந்து மோதும்) பட்டத்தை அந்த மூவரில் எந்த இருவரும் காக்கலாம் என்ற வழக்கத்தை உண்டாக்கியது. இன்றும் அதற்கு அவர்களுடைய பெயர்தான். ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலோ வேலையில் லீவு கிடைக்கவில்லை என்றாலோ உங்கள் நிகழ்ச்சி நின்றுபோகாது. மூன்று பேர் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. வேடம்: தொழிலைக் கொடுக்காதீர்கள், ஆசையைக் கொடுங்கள்

புதியவர்கள் வேடம் என்றதும் ஒரு தொழிலையோ உடுப்பையோ சொல்கிறார்கள். "நான் பொலிஸ்காரன்", "நான் பேய்", "நான் டொக்டர்." அதோடு முடிந்துவிடுகிறது. அந்த ஆள் மேடைக்கு வந்து என்ன செய்வான் என்று அதிலிருந்து தெரியாது.

கிளென் ஜேக்கப்ஸ் என்ற ஒரே மனிதரை எடுத்துப் பாருங்கள். 1995இல் அவரைப் பல் வைத்தியராகக் கொண்டுவந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. 1997 ஒக்டோபரில் அதே ஆள் கேன் என்ற பெயரில் முகமூடியுடன் வந்தார். கதைப்படி, அண்டர்டேக்கர் என்ற பிரபல ரெஸ்லரின் தம்பி, தன்னைத் தீயில் விட்டுப் போன அண்ணனைப் பழிவாங்க வந்தவன். உயரமும் பலமும் அதேதான். இந்தத் தடவை அவனுக்கு ஒரு ஆசை இருந்தது, அந்த ஆசைக்கு ஒரு இலக்கும் இருந்தது.

டுவெய்ன் ஜோன்சனின் கதையும் பயனுள்ளது. 1996இல் ரொக்கி மைவியா என்ற சிரித்த முகமாக அவரைக் கொண்டுவந்தபோது சனம் அவரை வெறுத்தது. 1997இல் நேஷன் ஒஃப் டொமினேஷன் என்ற வில்லன் குழுவில் சேர்ந்து, உங்கள் வெறுப்பு எனக்குத் தூசு என்ற தோரணையில் கதைக்கத் தொடங்கினார். த ரொக் அங்கேதான் பிறந்தார். குழுதான் அவருக்கு வேடத்தைக் கொடுத்தது. குழுவை முதலில் முடிவெடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். எனக்கு என்ன வேண்டும்? அதைத் தடுப்பது யார்? கோபம் வந்தால் என் உடம்பு என்ன செய்யும்? மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை. மேடையில் தெரிவது அது ஒன்றுதான். ஒருவர் கோபம் வந்தால் சிரிப்பார், ஒருவர் அசையாமல் நிற்பார், ஒருவர் கயிற்றைப் பிடித்து ஆட்டுவார். உண்மையிலேயே உங்களிடம் இருக்கும் பழக்கத்தை எடுத்துப் பெரிதாக்குங்கள். இல்லாத பழக்கத்தை நடித்தால் களைப்பு வந்ததும் அது கழன்று விழும்.

பெயர் இரண்டு மூன்று அசைக்குள் இருக்கட்டும். சனம் கூட்டமாகக் கத்தவும் கைதட்டவும் அதுதான் வசதி. அறிவிப்பாளர் தமிழிலும் சிங்களத்திலும் சொல்ல வேண்டியிருக்கும், ஆகவே இரண்டு நாவிலும் தடுக்காத பெயராகப் பாருங்கள். மேடையில் ஏற்றுவதற்கு முன் ஒரு சிங்கள நண்பரைக் கத்திச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். அவருடைய மொழியில் அதற்கு வேறு அர்த்தம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவரும் அரை நிமிடம் வேடத்திலேயே பேசி போனில் பதிவு செய்ய வேண்டும். அப்புறம் சத்தத்தை அணைத்துவிட்டு அந்த வீடியோவைப் பாருங்கள். பேச்சு இல்லாமலும் அந்த ஆள் யாரென்று விளங்கினால் வேடம் தயார். விளங்காவிட்டால் மூன்றாவது கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.

5. நிறம், உடை, சைகை

குழுவுக்கு ஒரு நிறம் போதும். உடையின் வெட்டு ஆளுக்கு ஆள் வேறுபடலாம், நிறம் மாறக்கூடாது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரே துணியை மீற்றர் கணக்கில் வாங்கி ஒரே தையல்காரரிடம் கொடுங்கள். ஆளாளுக்கு வாங்கினால் மூன்று விதக் கறுப்பு வரும், விளக்கின் கீழே அது அப்பட்டமாகத் தெரியும்.

தேர்தல் காலமாக இருந்தால் கட்சி நிறங்களைத் தவிர்த்துவிடுங்கள். இராணுவப் புள்ளித் துணி எந்தக் காலத்திலும் வேண்டாம். 2012 நவம்பரில் வந்த த ஷீல்ட் குழுவைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் அந்தக் கவச உடை மேல் ஆசை வரும். நம்முடைய ஊரில் சீருடை போலத் தெரியும் உடுப்போடு வீதியில் இறங்குவது தேவையில்லாத வம்பு. கைகளை வெட்டிய சாதாரணக் கறுப்பு டீசேர்ட் அதே வேலையைச் செய்யும்.

சைகை ஒரு கையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். மற்றக் கையில் சனம் போன் பிடித்திருக்கும். போர் ஹோர்ஸ்மென் நான்கு விரலைக் காட்டினார்கள், ரோமன் ரெய்ன்ஸின் பிளட்லைன் குழு ஒரு விரலை உயர்த்தியது. கடைசி வரிசையில் இருக்கும் சிறுபிள்ளையால் திருப்பிச் செய்ய முடிய வேண்டும், அதுதான் அளவுகோல். விரித்த உள்ளங்கை போலக் கட்சிச் சின்னத்தை நினைவூட்டும் எதுவும் வேண்டாம். நம்முடைய உதாரணத்தில் கொழும்பு ஏழு தோளில் இருந்து தூசு தட்டும், மூவர் மூன்று விரலை உயர்த்துவார்கள்.

6. இசையைத் தேடுவதற்கு முன் நடந்து பாருங்கள்

இப்போது அளவு நாடாவில் எடுத்த எண்ணுக்குத் திரும்புவோம். தொலைக்காட்சியில் வருகை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போகும். அண்டர்டேக்கருக்கு அதைவிட நீளம். காரணம் அங்கே பெரிய மைதானம், நீளமான பாதை. நம்முடைய மண்டபத்தில் கதவிலிருந்து மெத்தைக்கு 20 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலடி ஏறக்குறைய 0.7 மீற்றர் என்றால் 29 காலடி. நிமிடத்துக்கு 60 தட்டு (பீட்) உள்ள இசையில் தட்டுக்கு ஒரு காலடி வைத்தால் 29 விநாடி ஆகும். 100 தட்டுள்ள இசையில் 17 விநாடியிலேயே வந்து சேர்ந்துவிடுவீர்கள்.

ஆகவே பாட்டில் உங்களுக்குப் பிடித்த கட்டம் ஒன்றரை நிமிடத்தில் வருகிறதென்றால் அதை யாரும் கேட்கப் போவதில்லை. புதியவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை இதுதான். வீட்டில் ஹெட்போனில் முழுப் பாட்டையும் கேட்டு மயங்கியிருப்பார்கள். மண்டபத்திலோ அவர்கள் மெத்தையில் ஏறி நிற்கும்போது முன்னிசைகூட முடிந்திருக்காது.

இசை இல்லாமல் வேடத்தின் நடையில் நடந்து, யாராவது ஒருவர் கைதட்டித் தட்டு எண்ணட்டும். பலசாலியின் நடை 60க்குப் பக்கம் வரும், துடிப்பானவரின் நடை 110ஐத் தாண்டும். குழுவாக வரும்போது தலைவரின் நடைதான் கணக்கு. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இசையைத் தேடினால் தேர்வு பாதியாகக் குறைந்துவிடும்.

7. முதல் மூன்று விநாடி

ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஒஸ்டினின் கண்ணாடி உடையும் சத்தம், அண்டர்டேக்கரின் மணி. டபிள்யூ டபிள்யூ ஈ என்ற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனத்தின் முன்னாள் இசையமைப்பாளர் ஜிம் ஜோன்ஸ்டன் உருவாக்கிய இந்த இரண்டும் இன்றுவரை பேசப்படுவது மெட்டுக்காக மட்டும் இல்லை. ஒரு சத்தம் கேட்டவுடன், வேறு எதுவும் கேட்காமலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கண்ணாடிச் சத்தம் கூர்மையானது, ஆயிரம் பேரின் இரைச்சலையும் கிழித்துக்கொண்டு வரும். மணியின் பலம் அதற்குப் பின்னால் வரும் அமைதியில் இருக்கிறது. ஷீல்டின் இசை வானொலிக் கட்டளை போல எழுத்துகளைச் சொல்லும் குரலோடு தொடங்கும். மூன்றும் வேறு வேறு வழிகள், மூன்றும் வேடத்திலிருந்து பிறந்தவை.

உங்கள் குழுவுக்கும் முதலில் அந்த ஒரு சத்தத்தைத் தேடுங்கள். கொழும்பு ஏழுக்குக் கார்க் கதவு மெதுவாக மூடும் சத்தம், அப்புறம் ஒரு விநாடி அமைதி, அப்புறம் பியானோ. முகத்துவாரத்து மூவருக்கு அலை பாறையில் மோதும் சத்தமும் உடனே பப்பரே தாளமும். பாடசாலைக் கிரிக்கெட் போட்டிகளில் வளர்ந்த கொழும்புச் சனத்துக்குப் பப்பரே கேட்டால் கை தானாகத் தட்டும். மொழிபெயர்ப்பு தேவையில்லாத ஒலி அது. நல்லவர்கள் குழுவுக்கு இந்த நகரத்தில் அதைவிட நல்ல இசை எனக்குத் தெரியாது.

இன்னும் ஆழமாகப் போக விரும்பினால் மட்டக்களப்புக் கூத்தைக் கேளுங்கள். வடமோடியில் பாத்திரங்களின் வரவுக்கென்றே தாளக்கட்டுகள் உண்டு. வருகிறவரின் தன்மையை மத்தளமும் சலங்கையும் சபைக்குச் சொல்லிவிடும். கூத்துத் தெரிந்த ஒருவரைச் சந்தித்து, முறையாகக் கேட்டு, மத்தளத்தில் ஒரு வரவுத் தாளத்தை வாசிக்கச் செய்து பதிவு செய்தால், உலகில் வேறு எந்த ரெஸ்லிங் குழுவிடமும் இல்லாத இசை உங்களிடம் இருக்கும். வாசித்தவருக்குரிய பணத்தையும் பெயரையும் கொடுங்கள்.

கோயில் நாதஸ்வரம், தேவாரம், பிரித், பாங்கு, தேவாலயப் பாடல், சாவீட்டுப் பறை எதையும் தொடாதீர்கள். சனத்தின் முகம் மாறிவிடும். அவர்கள் கோபப்படுவதில் நியாயமும் இருக்கும்.

தமிழ்ப் பட நாயகர்களின் அறிமுக இசை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்தில் எட்டுப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். அது ஒலித்த உடனே சனம் விசிலடிக்கும், உண்மைதான். ஆனால் அந்த விசில் நடிகருக்குப் போகிறது. கதவால் வருவது நீங்கள் என்று தெரிந்ததும் சத்தம் இறங்கிவிடும். வில்லனுக்கு அந்த இசையைப் போட்டால் இன்னும் மோசம், வெறுக்க வேண்டிய ஆளைச் சனம் கொண்டாடத் தொடங்கிவிடும். அடுத்த அரை மணி நேரமும் உங்கள் கதை தலைகீழாக நடக்கும்.

8. உரிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் பதிப்புரிமை, படைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை உண்டு. சொப்பின் 1849இலும் எட்வர்ட் எல்கர் 1934இலும் இறந்தவர்கள். சொப்பினின் சாவு ஊர்வல இசை அண்டர்டேக்கரின் இசைக்குள் புகுந்ததும், எல்கரின் அணிவகுப்பு இசையோடு ராண்டி சாவேஜ் நடந்து வந்ததும் ரசிகர்களுக்குத் தெரியும். அந்த மெட்டுகளை நீங்களும் எடுக்கலாம். பாரதியார் 1921இல் இறந்தவர், அவருடைய வரிகளையும் எடுத்துக் கோஷமாக்கலாம்.

ஆனால் ஒலிப்பதிவுக்கு உரிமை வேறு. சொப்பினின் மெட்டு எல்லாருக்கும் பொது என்றாலும், போன வருடம் ஒரு இசைக்குழு வாசித்துப் பதிவு செய்த கோப்பு பொது ஆகாது. பாரதி பாட்டுக்குப் பின்னாளில் ஒருவர் போட்ட மெட்டும் அப்படித்தான். கீபோர்ட் வாசிக்கும் நண்பரைக் கொண்டு நீங்களே புதிதாகப் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் யூடியூபின் ஓடியோ லைப்ரரி போன்ற இடங்களில் நிபந்தனையைப் படித்து எடுங்கள்.

வேறொருவரின் பாட்டை மண்டபத்தில் போட்டு விட்டு அந்த வீடியோவை ஏற்றினால், சத்தம் அணைக்கப்படும் அல்லது வீடியோவே போய்விடும். மாதக் கணக்கில் உழைத்த வருகை ஊமைப் படமாக இருப்பதைப் பார்க்க நெஞ்சு வலிக்கும்.

9. வெட்டுவது, கோப்பாக்குவது

ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்குப் போதும். தொடக்கத்தில் உள்ள வெறுமையை முழுவதும் வெட்டுங்கள். பொத்தானை அழுத்திய அந்தக் கணமே சத்தம் வர வேண்டும். அரை விநாடி பிந்தினால்கூட இசைக்காரர் வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்துவார், அது நின்றுவிடும்.

உங்கள் நடை 20 விநாடிதான் என்றாலும் கோப்பை மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் சுற்றி ஒட்டுங்கள். யாராவது கதவடியில் சனத்தோடு கைகொடுத்து நின்றாலும், சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தாலும் இசை தீர்ந்துபோகக் கூடாது. ஒட்டும்போது தட்டு எண்ணி முழுச் சுற்றில் ஒட்டினால் இணைப்புத் தெரியாது.

எம்பி3 கோப்பில் தொடக்கத்திலும் முடிவிலும் மெல்லிய வெறுமை சேர்ந்துவிடும் என்பதால் வேவ் கோப்பாக எடுங்கள். எல்லா இசையும் ஒரே அளவு சத்தமாகக் கேட்கும்படி சரி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு குழு முழக்கத்தோடும் அடுத்தது முணுமுணுப்போடும் வரும். பிறகு ஒற்றைத் தடமாக, மோனோவாக மாற்றிக் கேளுங்கள். மண்டபங்களில் பல சவுண்ட் சிஸ்டங்கள் அப்படித்தான் இணைக்கப்பட்டிருக்கும். சில ஸ்டீரியோ இசைகளில் மோனோவாக்கியதும் குரலோ கிற்றாரோ காணாமல் போய்விடும்.

கொன்கிரீட் சுவர் மண்டபத்தில் அடித்தட்டு ஒலி குழம்பி உருண்டு வரும். காரில் கேட்டு ரசித்த பேஸ் அங்கே வெறும் இரைச்சல். மேளம், தந்தி, குரல் என்று நடுவில் நிற்கும் ஒலிகள் உள்ள இசைதான் அங்கே தெளிவாக விழும்.

வெற்றி இசைக்குத் தனிக் கோப்பு. அதில் முன்னிசை வேண்டாம், நேராக உச்சக் கட்டத்தில் தொடங்கட்டும். வென்றவரின் கை உயரும் கணத்தில் அந்த உச்சம் விழ வேண்டும். கோப்புகளுக்கு 01, 02 என்று நிகழ்ச்சி வரிசைப்படி எண் போட்டுப் பெயர் வையுங்கள்.

10. மண்டபத்தில் ஒத்திகை

சவுண்ட் சிஸ்டம்காரரிடம் பேசி, நிகழ்ச்சியன்று குறைந்தது இரண்டு மணித்தியாலம் முன்னதாக வரச் சொல்லுங்கள். அதற்கு மேலதிகமாகப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், உடையில் செலவழிப்பதைவிட இது பெறுமதி. எல்லா வருகைகளையும் ஒரு தடவை முழுச் சத்தத்தில் நடந்து பாருங்கள்.

வரிசை இப்படி: சத்தம் விழும், ஆள் வர மாட்டார். மூன்று விநாடி கழித்துக் கதவு. ஆள் தெரிந்த பிறகே அறிவிப்பாளர் பெயரைச் சொல்வார். முதலில் "அடுத்து வருகிறார்..." என்று அறிவித்துவிட்டுப் பிறகு இசையைப் போடுவது நம் மேடைப் பழக்கம். அப்படிச் செய்தால் உங்கள் முதல் மூன்று விநாடி வீண். யார் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

குழுவாக வரும்போது ஆளுக்கு ஆள் இரண்டு காலடி இடைவெளி விட்டு வாருங்கள். பலசாலி முன்னால், தலைவர் கடைசியில். சனத்தின் கண் அவரில்தான் போய் நிற்க வேண்டும். பாதி வழியில் எல்லாரும் நின்று சைகை காட்டும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். படப்பிடிப்பவர் எங்கே நிற்பார் என்பதும் அந்தக் குறியைப் பொறுத்தது.

இசையை நிறுத்துவதற்கும் சைகை வேண்டும். வில்லன் குழு கையை வெட்டிக் காட்டி இசையை நிறுத்தச் செய்தால் அதிலும் திமிர் தெரியும். நல்லவர்களுக்கு மெல்லக் குறைத்து இறக்குங்கள். வழக்கமாக வில்லன்கள் முதலில் வந்து காத்திருக்க, நல்லவர்கள் பிறகு வருவது நல்லது. வில்லன் மைக்கைப் பிடித்துச் சனத்தை எரிச்சலாக்கிக்கொண்டிருக்கும்போது அலைச் சத்தமும் பப்பரேயும் வெடித்தால் மண்டபம் எழும்பும்.

11. நிகழ்ச்சி நாள்

லப்டொப்பை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், அறிவிப்புகளையும் திரை அணைவதையும் நிறுத்துங்கள். இணையத்திலிருந்து நேராக இசையை ஓட விடாதீர்கள், நடுவில் விளம்பரம் வரும். புளூடூத் வேண்டாம், கேபிள்தான். கேபிளிலும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். எல்லாக் கோப்புகளும் ஒரு பென் டிரைவிலும் இன்னொருவரின் போனிலும் இருக்க வேண்டும், அந்தப் போனும் ஏரோபிளேன் மோடில்.

இசைக்காரருக்குக் கதவு நேராகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இடையில் ஒருவரை நிறுத்துங்கள். கையை உயர்த்தினால் தயார், இறக்கினால் போடு. வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பி இசையைப் போடச் சொல்வது சரிவராது.

12. குழு உடையும்போது

ஓரிரு நிகழ்ச்சி கழிந்ததும் யாரோ ஒருவர் துரோகம் செய்யும் கதைக்கு ஆசை வரும். அவசரப்படாதீர்கள். ஷீல்ட் ஒன்றரை வருடம் ஒன்றாக நின்ற பிறகுதான், 2014 ஜூன் 2ஆம் திகதி செத் ரொலின்ஸ் கதிரையால் தன் தோழர்களை அடித்தார். மூன்று நிகழ்ச்சியாவது சனம் அந்தச் சைகையைத் தானாகச் செய்திருக்க வேண்டும். அதற்கு முன் உடைத்தால் உடைந்தது எதுவென்றே யாருக்கும் தெரியாது.

உடைத்த பிறகு இசை யாருக்கு என்று கவனமாகப் பாருங்கள். ஷீல்டின் இசையைச் சிறு மாற்றத்தோடு ரோமன் ரெய்ன்ஸ் பல வருடம் வைத்திருந்தார், மற்ற இருவருக்கும் புதிய இசை வந்தது. பழைய இசை யாரிடம் தங்குகிறதோ அவர்தான் குழுவின் வாரிசு என்று சனம் எடுத்துக்கொள்ளும். துரோகிக்கு அதே இசையைக் கொடுத்தால் அவன் வருகிற முதல் விநாடியில் பழைய பாசத்தில் கைதட்டு விழும்.

முகத்துவாரத்து மூவரில் ஒருவர் கொழும்பு ஏழுக்குத் தாவினால் அவருக்கு அலையும் வேண்டாம், பப்பரேயும் வேண்டாம். கார்க் கதவுச் சத்தத்தோடு பியானோ தொடங்கட்டும். வழக்கமாக மூவர் வந்து நிற்கும் இடத்தில் கொழும்பு ஏழின் தலைவரோடு சேர்ந்து தோளைத் தட்டியபடி அவர் வரட்டும். அன்றைக்கு அறிவிப்பாளர் அவருடைய பெயரை மட்டும் சொன்னால் போதும், குழுவின் பெயரை அடுத்த நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.